நீந்தத் தெரியாத அத்தானும் நிழல்நாட்டு ஆறும்

அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய அத்தானுக்கு,

மேலே இருக்கிற ஏழு உலகமும், கீழே இருக்கிற ஏழு உலகமும், நடுவில் கிடந்து அல்லாடுகிற கனடாவின் ஸ்காபரோவும் சாட்சியாக, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒரு மனிதப் பிறவியும் நம்பப்போவதில்லை. நம்பியவர் யாராவது இருந்தால் அவரைத் தாமதிக்காமல் குடும்ப வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் ஆண்டு நினைவு மலருக்கு எழுதித் தரும்படி உங்கள் மகள் தர்ஷினி கேட்டாள். "மாமா, ஒரு பக்கம் மட்டும். அதோட, உண்மையா எழுதுங்கோ," என்றாள். இரண்டு நிபந்தனையும் எனக்கு ஒத்துவராது என்று அவளுக்கே தெரியும். ஆகவே தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவில், நீங்கள் கோட்டுப் போட்டு உலகத்தையே முறைத்துக்கொண்டிருக்கிற அந்தப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இது அச்சாகும். மலரை வாங்கிப் புரட்டுகிற சனம் ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும். நான் உங்களோடுதான் கதைக்கிறேன்.

எப்படி இருக்கிறீர்கள்? போன இடத்தில் குளிரா, வெக்கையா? சாப்பாட்டில் உறைப்புக் காணுமா?

இங்கே மறுபடியும் தை மாதம். மறுபடியும் பனி. உங்கள் மில்லிக்கன் வீட்டு வாசலில் பனி வழித்து வழித்து என் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நீங்கள் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு நான்தான் காவல்காரன், சாரதி, குப்பைத்தொட்டி தள்ளும் அமைச்சர், அதற்கு மேலே ஆஸ்தான விகடகவி. மற்ற உத்தியோகங்களுக்கு இடையில் ஒரு மூச்சு விடலாம். ஆளைச் சிரிக்க வைக்கிற உத்தியோகத்துக்கு மட்டும் லீவு கிடையாது. செத்தவீட்டில்கூட என்னைக் கண்டதும் சனம் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு வருகிறது.

உங்களை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. நீங்கள் என் அக்காவின் கணவர். இந்த நகரத்துப் பேருந்தை ஃபிஞ்ச் வீதியில் ஓட்டிய சக்கரவர்த்தி. பனிப்புயல் அடித்த ஒருநாள், வீதியில் சிக்கிய பஸ்ஸை சனத்தோடு சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கடைசித் தரிப்பிடத்தில் இறக்கி வைத்தவர். இதை உங்கள் முன்னால் சொல்லியிருந்தால் பத்திரிகையில் இருந்து கண்ணை எடுக்காமலே "பொய்யன்" என்றிருப்பீர்கள். எனக்குப் பாலன் என்று ஒரு பெயர் இருப்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டதே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய நேரம் பிழை அத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை மண்டபத்தில் குறையில்லாமல் செய்து, மதியச் சாப்பாட்டையும் முடித்து, சாம்பலைத் தண்ணீரில் விட ஏரிக்கரைக்குப் போனால், அங்கே தண்ணீர் இல்லை. கரையோரம் முழுக்கப் பாறை மாதிரி ஐஸ். ஐயர் வேட்டிக்கு மேலே பனிக்கோட்டும் காலில் பெரிய பூட்சும் போட்டு நின்று ஏரியைப் பார்த்தார். ஏரி ஐயரைப் பார்த்தது. "இதுக்குள்ள கோடாலி இல்லாமல் ஒண்டும் செய்யேலாது. சித்திரையில பாப்பம்," என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிக்கொண்டார். இந்த நாட்டில் செத்தவரும் கோடைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

அன்று செய்த பிழை அதுதான். ஒரு பொருளை அக்காவின் வீட்டுக்குள் வைத்தால் அது பிறகு வெளியே வராது என்பதை நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம். சாம்பல் பெட்டியை அக்கா உங்கள் அறையில், யன்னலோரம் இருந்த சின்ன மேசையில் வைத்தார். அங்கிருந்து பார்த்தால் வீதியால் போகிற பஸ் தெரியும்.

சித்திரை வந்தது. ஐஸ் கரைந்தது. "இன்னும் தண்ணி குளிர்," என்றார் அக்கா. ஆடியில் கேட்டேன். "சனம் குளிச்சுக் கூத்தடிக்கிற நேரத்திலயோ?" என்றார். புரட்டாதியில் கேட்டபோது காற்று என்றார். பிறகு ஒருநாள், கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த மனிசனுக்கு நீந்தத் தெரியாது பாலா."

நான் சிரித்தேன். உத்தியோகப் பழக்கம். அக்கா சிரிக்கவில்லை. ஏரிக்கரைப் பிக்னிக் ஒவ்வொன்றிலும் நீங்கள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இறைச்சி வாட்டுகிற அடுப்புக்குப் பக்கத்தில் காவல் நின்ற காட்சி எனக்கும் நினைவுக்கு வந்தது.

இதற்குள் தர்ஷினிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியாத செய்தி இது. நீங்கள் போன பிறகுதான் அவளுக்கே தெரியும். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு. கார்த்திகை கடைசியில் பிள்ளை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். முதல் பிள்ளை. தாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் கேட்டதில் என்ன பிழை? அக்காவோ உங்களைத் தனிய விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றார். பெட்டியையும் கொண்டுவாருங்கள் என்று மருமகன் சொல்லிப் பார்த்தார். "பிள்ளை பிறக்கிற வீட்டுக்க சாம்பலைக் கொண்டு வாறதோ? ஆரும் கேட்டால் காறித் துப்புவினம்," என்று அதற்கும் முற்றுப்புள்ளி. உங்களை விட்டு வரவும் முடியாது, கொண்டு வரவும் முடியாது. மில்லிக்கனுக்கும் ஸ்ரௌவ்வில்லுக்கும் காரில் எவ்வளவு தூரம்? அரை மணித்தியாலம் இல்லை. அதற்கு நடுவில் நீங்கள் ஒரு மலை மாதிரிக் கிடந்தீர்கள்.

தர்ஷினி ஒரு மத்தியானம் வேலையிடத்தில் இருந்து அழைத்தாள். "மாமா, அம்மா வரமாட்டா போல. எனக்கு பயமா இருக்கு."

"ஏன் பயம்? உன்ர மாமா இருக்கிறன்தானே. பிரசவ அறைக்கு வெளியில வாளோட நிப்பன்."

"மாமா, பிளீஸ். ஜோக் வேண்டாம். ஐ நீட் அம்மா."

அவள் அழுதது கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அதை நான் மருத்துவ அதிசயம் என்றே கருதுகிறேன்.

இனித்தான் நிழல்நாடு வருகிறது. உங்கள் மகள் சனிக்கிழமைகளில் சிநேகிதர்களோடு மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டி ஒரு விளையாட்டு நடத்துவாளே, ஞாபகம் இருக்கிறதா? "படிச்ச பிள்ளைகள் தாயம் விளையாடுதுகள்," என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அதில் ஒரு ஆள் குறைந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் வீரனுக்கு மில்லிக்கன் மகாராசா என்று பெயர். அந்த விளையாட்டில் செத்தவர்கள் போகும் நிழல்நாட்டைத் தர்ஷினியே கட்டியிருந்தாள். கிரேக்கரின் பழங்கதைகளில் இருந்து சுட்டது என்று ஒளிக்காமல் சொன்னாள். கறுப்பு ஆறு, கிழட்டுப் படகோட்டி, மூன்று தலை நாய், தீர்ப்புச் சொல்லும் மூன்று பேர், வெள்ளைப் பூ பூத்த பெருவெளி, குடித்தால் எல்லாம் மறந்துபோகும் இன்னொரு ஆறு. அதில் ஒரு சட்டம் என் காதில் ஆணி மாதிரி இறங்கியது: உடலுக்குரிய கடன் முடியாதவர்களைப் படகோட்டி ஏற்றமாட்டான். அவர்கள் இக்கரையிலேயே நிற்க வேண்டும்.

இதோ எனக்கு ஆயுதம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் மில்லிக்கன் வீட்டுக் குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய மூச்சு ஒன்று விட்டேன். "அக்கா, நான் அத்தானைப் பாத்திட்டு வாறன்."

அக்கா பருப்பைக் கிண்டிக்கொண்டே, "எங்க, கனவிலயோ?" என்றார்.

"கனவில்லை. லிப்டில."

எங்கள் அடுக்குமாடி லிப்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது தன் விருப்பத்துக்கு ஓடுகிற மிருகம். நான் கார் நிற்கிற நிலக்கீழ்த் தளத்துக்குப் போக அழுத்தினேன். அது அந்தத் தளத்தைத் தாண்டியது. அதற்குக் கீழே இருந்த தளத்தையும் தாண்டியது. நிலத்தடி ரயிலைத் தாண்டி, தண்ணீர்க் குழாய்களைத் தாண்டி, இந்த நாட்டின் அத்திவாரத்தையே தாண்டிக் கீழே போனது. கதவு திறந்தால் கறுப்பு ஆறு. கரையில் நாய். மூன்று தலை.

"என்ன சாதி நாய்?" என்றார் அக்கா.

"சாதி தெரியாது. மூண்டு தலையும் மூண்டு சங்கம். ஒண்டு குரைச்சால் மற்ற ரெண்டும் அறிக்கை விடுது. நான் கையில கொண்டுபோன ஆட்டிறைச்சி ரோல்ஸை ஆளுக்கு ஒண்டு குடுத்தன். நடுத்தலை மட்டும், உறைப்புக் காணாது எண்டு குறை சொன்னது."

"பிறகு?"

பிறகு அந்த மூன்று நீதிபதிகள். உயர்ந்த மேசை, முன்னால் தண்ணீர்ச் சாடி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எப்போது வந்தாய், ஏன் வந்தாய், திரும்பிப் போனால் என்ன ஆபத்து என்று கேட்டார்கள். "அகதி விசாரணையில நிண்ட எங்கட சனத்துக்கு உதெல்லாம் ஒரு கேள்வியோ அக்கா? நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவம்," என்றேன். அக்காவின் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அக்கரையில் தெரிந்த வெள்ளைப் பூவெளியை விவரித்தேன்: பார்த்தால் அச்சு அசல் ஸ்ரௌவ்வில், எல்லா வீடும் ஒரே மாதிரி, வீதியில் நடக்க ஒரு சீவன் இல்லை, பஸ் கிடையாது. (தர்ஷினி, இதை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வராதே.)

அக்கா அடுப்பைக் குறைத்தார். "அவர் எங்க நிண்டவர்?"

அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். வித்தை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இக்கரையில், ஒரு தரிப்பிடத்தில் நிற்கிறீர்கள் என்றேன். கண்ணாடிக் கூண்டுகூட இல்லாத தரிப்பிடம். படகு வருகிறது, நீங்கள் கையைக் காட்டுகிறீர்கள், படகோட்டி உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் போகிறான். இந்த ஊர்ச் சனத்தையெல்லாம் காலம் முழுக்க ஏற்றி இறக்கிய மனிதர், இப்போது தன்னை ஏற்ற ஆளில்லாமல் காற்றுக்குள் நிற்கிறார். காரணம், அவருடைய சாம்பல் மேலே ஒரு மேசையில் இருக்கிறது.

"என்ன உடுப்பு?"

"நீலச் சேர்ட். வேலைக்குப் போட்டுக்கொண்டு போறது."

"குளிருக்கு ஜக்கெற்?"

"இல்லை."

இது என் தலைசிறந்த கைவண்ணம் என்று நினைத்தேன். அக்கா கண்ணைத் துடைப்பார், பெட்டியை எடுத்து வருவார், நான் கார்ச் சாவியை எடுப்பேன்.

"உன்னோட கதைச்சவரோ?"

"ஓம். 'களைச்சுப் போனாய் பாலா. வீட்ட போய்ப் படு' எண்டவர்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "டேய், லிப்ட் கீழ போனதை நம்புவன். நாய் ரோல்ஸ் திண்டதையும் நம்புவன். உதை மட்டும் நம்பமாட்டன். அந்த மனிசன் உன்னை ஒருநாளாவது பாலா எண்டு கூப்பிட்டவரோ? பொய் சொல்லுறதெண்டாலும் ஒரு அளவில்லையோ?"

"சரி, அதை விடுங்கோ. அவர் குளிருக்க நிக்கிறார் அக்கா."

"நிக்கட்டும்."

நான் எதிர்பார்த்த சொல் அதுவல்ல.

"நிக்கட்டுமன்! விடியக் காலமை வேலை, பின்னேர வேலை, பெருநாள் வேலை எண்டு போகேக்க நான் எத்தினை நாள் யன்னலுக்க நிண்டன்? பனி கொட்டுற நேரம் போனும் எடுக்கமாட்டார். சோத்தை மூடி வைச்சிட்டு நிண்டனான். இப்ப அவர் கொஞ்சம் நிக்கட்டும். என்ன குறைஞ்சு போகும்?"

அவ்வளவுதான் அத்தான். என் அண்டசராசரக் காவியம் பருப்புச் சட்டிக்குள் விழுந்து செத்தது. மேசையில் தலையை வைத்தேன். எவ்வளவு காலமாக நான் இந்த வீட்டுக்கு வந்து வந்து பகிடி விடுகிறேன், எவ்வளவு காலமாக ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்க, எழும்பிக் கார்வரைக்கும் நடக்கவே ஏலாது போல இருந்தது.

அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அந்த மற்ற ஆறு. மறந்துபோற ஆறு. தர்ஷினி ஒருக்காச் சொன்னவள். அங்கால போனால் அதைக் குடிக்கத்தான் வேணுமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீந்தத் தெரியாது என்பது வெளியே வைத்த காரணம். உள்ளே இருந்தது இது. தண்ணீரில் விட்டால் நீங்கள் அக்கரை போவீர்கள். அக்கரை போனால் குடிப்பீர்கள். குடித்தால் அக்காவை யார் என்று கேட்பீர்கள். மேசையில் இருக்கும் வரைக்கும் நீங்கள் அக்காவின் ஆள்.

அந்த நேரத்தில் ஒரு பெரிய பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆற்றுக்கு அணை கட்டிவிட்டார்கள், தண்ணீரை வேறு நாட்டுக்கு விற்றுவிட்டார்கள் என்று. சொல்லப் பலமில்லை. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, அத்தான் எப்பவாவது தண்ணி குடிச்சு நீங்கள் கண்டிருக்கிறீங்களோ?"

அக்கா யோசித்தார். வைத்தியர் கெஞ்சினார், மகள் போத்தல் போத்தலாக வாங்கி வைத்தாள், நீங்கள் தொடவில்லை. "தண்ணி குடிக்க நான் என்ன மாடோ?" என்பீர்கள். விடிந்ததில் இருந்து பொழுது படும் வரைக்கும் தகரப் பேணியில் வருகிற ரின்பால் விட்ட தேத்தண்ணி. மருந்துக் குளிசையைக்கூடத் தேத்தண்ணியோடுதான் விழுங்குவீர்கள்.

"மாத்திரைக்கே குடிக்காத மனிசன்," என்றார் அக்கா மெதுவாக. "படகுக்காரன் சொன்னாப்போல குடிப்பாரோ?"

"குடிக்கமாட்டார். அந்த ஆத்துக்காரரோட சண்டை பிடிப்பார்."

"சுடுதண்ணி இல்லையோ எண்டு கேப்பார்."

"கேட்டுப்போட்டு, கிளாஸ் வடிவாய்க் கழுவேல்லை எண்டுவார்."

அக்கா சிரித்தார், அத்தான். நீங்கள் போன பிறகு முதல் முறை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. சிரித்துக்கொண்டே போய் அது அழுகையாக மாறியது, பிறகு மறுபடி சிரிப்பு. பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் மணந்தது. ஒருவரும் எழும்பி அடுப்பை அணைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே ஏரிக்கரைக்குப் போனோம். ஐயர், அக்கா, நான். தர்ஷினி வயிற்றோடு வரக்கூடாது என்பதால் மருமகன் அவளோடு நின்றுவிட்டார். மண்மேட்டுக்குக் கீழே, கற்கள் அடுக்கிய கரை. வானம் சாம்பல், தண்ணீர் சாம்பல், என் கையில் நீங்கள்.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, என் கையில் இருந்த பெட்டியைக் காட்டி, விடும்படி சைகை செய்தார். அக்கா கையை நீட்டினார். "தா."

ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்கா பூட்சோடு தண்ணீருக்குள் இறங்கிக் குனிந்து, கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி. "இஞ்சாருங்கோ, ஆழத்துக்குப் போகாதேங்கோ. கரையோட போங்கோ," என்று சொல்லிக்கொண்டே விட்டார். பிறகு தோள்பையில் இருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து மூடியைத் திருகினார். ஆவி பறந்தது. ரின்பால் தேத்தண்ணி. முழுவதையும் ஏரிக்குள் ஊற்றினார்.

ஐயர் என் காதுக்குள், "இதுக்கு மந்திரம் இல்லையே தம்பி," என்றார்.

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "மந்திரம் என்னத்துக்கு ஐயா? ரின்பால் விட்டிருக்கிறன்."

கரையேறியதும் ஐயர் வழக்கமான கட்டளையைப் போட்டார்: திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். தர்ஷினியின் நிழல்நாட்டிலும் இதே சட்டம் உண்டு. அங்கே ஒருவன் செத்த பெண்சாதியை மீட்டுக்கொண்டு மேலே வருகிற வழியில், ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்து அவளை இழந்துபோனானாம். கிரேக்கனும் எங்கள் ஐயரும் எந்தச் சங்கத்தில் சந்தித்துப் பேசி வைத்தார்களோ.

அக்கா திரும்பவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு காருக்கு நடந்தார். முன் ஆசனத்தில் ஏறினார். ஐயர் தன்னுடைய காரில் புறப்பட்டுவிட்டார். ஏரி எங்களுக்கு நேர் பின்னால். நான் சாவியைத் திருகினேன்.

"பொறு. கண்ணில ஏதோ விழுந்திட்டுது," என்றார் அக்கா. தலைக்கு மேலே இருக்கிற வெயில் தட்டியைக் கீழே இழுத்து, அதில் இருந்த சின்னக் கண்ணாடியைத் திறந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மெல்லச் சரித்தார். இன்னும் கொஞ்சம் சரித்தார். பின் யன்னலுக்குள்ளால் ஏரி தெரிகிற அளவுக்கு.

"அக்கா, திரும்பிப் பாக்கக்கூடாது எண்டு சொன்னவர்."

"நான் எங்க திரும்பினனான்? நேராத்தானே இருக்கிறன்."

சட்டப்படி அதில் ஒரு ஓட்டையும் இல்லை அத்தான். அந்தக் கிரேக்க மடையனிடம் மட்டும் ஒரு பழைய கார் இருந்திருந்தால் கதையே வேறு. நான் என்ஜினை ஓடவிட்டுச் சும்மா இருந்தேன். அக்கா கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அக்காவை. வாத்துக் கூட்டம் ஒன்று தண்ணீரில் இறங்கியதாகச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அக்கா கண்ணாடியைத் தானே மூடினார். தட்டியை மேலே தள்ளினார்.

"சரி, எடு. வீட்ட போய் என்ர உடுப்புகளை அடுக்கவேணும். ஸ்ரௌவ்வில்லில விடு."

உங்கள் பேத்தி கார்த்திகையில் பிறந்தாள். சுகமாக இருக்கிறாள். அக்கா அங்கே போய் இறங்கிய அன்றே ஆட்சியைக் கைப்பற்றிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி அவிக்கிற புகையில் தீ எச்சரிக்கை மணி அடித்து, அந்தப் புதுத்தெருவில் முதன்முறையாக அயலவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்து ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். மருமகன் இரண்டு சுற்றுப் பருத்துவிட்டார். தர்ஷினி நித்திரை கொள்கிறாள். போன கிழமை போனபோது தாயும் மகளும் பிள்ளையின் தொப்பியைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்கக் காதுக்கு இதமாக இருந்தது.

உங்கள் மேசை இப்போது வெறுமையாக இருக்கிறது. அந்த வீட்டை என்ன செய்வது என்று ஒருவரும் முடிவு செய்யவில்லை. நான் போய்ப் பனி வழித்து, உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வருகிறேன். பகிடி விட அங்கே ஆள் இல்லை. அது ஒருவகை ஆறுதல். அப்படிச் சொல்வது பிழையா?

ஒரு வாக்குறுதி தருகிறேன். உங்கள் பேத்திக்குப் பேச்சு விளங்கும் காலம் வந்ததும், அவளுடைய தாத்தா பஸ்ஸைத் தோளில் தூக்கிய கதையை நான் சொல்வேன். கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்து எந்தச் சொல்லால் கூப்பிட வேண்டும் என்பதையும் நானே சொல்லிக் கொடுப்பேன். அந்தச் சொல்லைக் கேட்காமல் இந்த ஒரு வருடம் நீண்டுபோய்விட்டது.

முடிக்க முதல் ஒன்று. லிப்ட் பொய். நாய் பொய். நீதிபதிகள், பூவெளி, நீலச் சேர்ட்டோடு நீங்கள் நின்ற தரிப்பிடம், எல்லாம் பொய். ஆனால் அக்கா நம்ப மறுத்த அந்த ஒரு வரி இருக்கிறதே, அது பொய்யில்லை. ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முதல் நாள் பின்னேரம். அக்கா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். நான் கட்டில் பக்கத்தில் இருந்து, பக்கத்து அறை நோயாளி தன் கட்டிலோடு தப்பியோடிய கதையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சுவாச முகமூடியைக் கையால் விலக்கினீர்கள். வழக்கமான சொல் வரப்போகிறது என்று காத்திருந்தேன். நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"களைச்சுப் போனாய் பாலா," என்றீர்கள். "வீட்ட போய்ப் படு."

நான் போகவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரைக்கும். இன்றைக்குப் போகிறேன் அத்தான். படுக்கிறேன்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் பேத்தியின் அம்மாவுக்குத் தாய்மாமன்,
பொய்யன்